இடுப்பில் நகர்ந்த கோடு

வேப்பந்துறையில் நார் மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் மூச்சு சொந்தமில்லை என்பார்கள். ஆனைமலை அடிவாரத்து ஊர் அது. சுற்றிலும் முப்பத்தொரு நார் மில்கள். தேங்காய் மட்டையை ஊறவைக்கும் குழிகளில் வெறுங்காலோடு இறங்க வேண்டும். காய்ந்த மட்டையை மிஷினுக்குள் தள்ளும்போது பறக்கும் தூளையெல்லாம் உள்ளே இழுக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருஷம் இப்படிப் போனால், அப்புறம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்துதான் தூக்கம். அந்த ஊரின் சுகாதார செவிலியர் கோகிலவாணிக்கு, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது இளைப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அங்கேதான் மூச்சூசி வந்தது. காகிதத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. ஊர் வைத்த பெயர் மூச்சூசி. வருஷத்துக்கு ஒரு ஊசி. தூசியைக் கண்டதும் பதறியடித்துக் கிளம்பி மூச்சுக் குழாயை இறுக்கிவிடுகிற ஒவ்வாமைப் படை ஒன்று நம் உடம்பில் இருக்கிறதே, அதை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கு உறங்க வைத்துவிடும். மற்ற எதிர்ப்புச் சக்தியில் கை வைக்காது. பெரிய நகரங்களில் மூன்று வருஷம் போட்டுப் பார்த்து, குறையொன்றும் காணாத பிறகே தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் யாரும் முன்வரவில்லை. ஊசி போட்டால் ஆண்மை போய்விடும், ஆளைக் கண்காணிக்கிற சில்லு உள்ளே இறங்குகிறது என்று ஆளுக்கொரு கதை. கோகிலவாணி ஒரு காலை வேளையில் மில் வாசலில் நின்று, எல்லாரும் பார்க்கத் தன் தோளில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கும் தூசு பட்டால் அடுக்குத் தும்மல்தான். அப்புறம் வீடு வீடாகப் போனாள்; கெஞ்சினாள், சிலரைத் திட்டவும் செய்தாள். இரண்டு மாதத்தில் நானூற்றுப் பதினேழு பேருக்குத் தன் கையால் போட்டு முடித்தாள்.

அவர்களில் ஒருவர் திருமூர்த்தி. ஒரு காலத்தில் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வள்ளிக்கும்மி சொல்லிக்கொடுத்தவர். இளைப்பு வந்து எட்டு வருஷமாகப் பாட்டை விட்டிருந்தார். இரண்டு அடி பாடுவதற்குள் மூச்சு முட்டிவிடும். ஊசி போட்ட மூன்றாவது வாரம் சுகாதார நிலையத்துக்கு வந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மருந்துச் சீட்டை மறந்து கைதட்டினார்கள். தைப்பொங்கலுக்கு அறுபது பெண்களை நிறுத்தி ஆடவைத்தார். அவர் மனைவி கலாமணியும் அதே மில்லில்தான் வேலை. முகாம் நடந்த நாட்களில் அவளுக்குக் களத்தில் நார் உலர்த்தும் முறை, போட்டுக்கொள்ள வரவில்லை. தனக்கு இளைப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

ஏழாவது மாதம் திருமூர்த்திக்கு வயிற்றில் பொருமலும் வலியும் தொடங்கின. சுகாதார நிலையத்துக்கு வந்தபோது, சட்டையைத் தூக்கி இடுப்பில் ஒரு சிவப்புக் கோட்டையும் கோகிலவாணியிடம் காட்டினார். நூல் ஒட்டினாற்போல் வளைந்து வளைந்து போன கோடு. அரிக்கிறது, நேற்று இன்னும் கீழே இருந்தது என்றார். மட்டைத் தூள் பட்ட அரிப்பு என்று நினைத்து அவள் ஒரு களிம்பைக் கொடுத்தனுப்பினாள்.

ரத்தப் பரிசோதனை மிஷின் குறையொன்றும் இல்லை என்றது. பத்து நாளில் இருமலும் மூச்சுத் திணறலும் சேர்ந்துகொண்டன. சளியைக் காசநோய்க்குப் பார்த்தார்கள், இல்லை. பொள்ளாச்சியில் ஒரு தனியார் டாக்டரிடம் போனார்கள். ஊசியின் வேகம் குறைந்து பழைய இளைப்பு திரும்புகிறது என்று கருதி, அவர் வழக்கமாகக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அன்றைக்கு எந்த டாக்டரும் அதைத்தான் எழுதியிருப்பார். ஒன்பதாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் திருமூர்த்தி இறந்துபோனார். குடலில் இருக்க வேண்டிய கிருமிகள் ரத்தமெல்லாம் பரவியிருந்தன, எப்படிப் பரவின என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கோகிலவாணி துக்கத்துக்குப் போய்வந்தாள். வயது ஐம்பத்திரண்டு, பாவம் என்று நினைத்துக்கொண்டாளே தவிர, அந்தக் கோடு அவள் நினைவுக்கு வரவில்லை.

நினைவுக்குக் கொண்டுவந்தவள் சுமித்ரா. ஒடிசாவிலிருந்து கணவனோடு வந்து எட்டு வருஷமாக மில் குடியிருப்பில் இருப்பவள்; கோகிலவாணி கையால் மூச்சூசி போட்டுக்கொண்டவள். மகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறாள். சுமித்ராவின் தமிழில் ஊர்க்காரர்களை விட 'ங்க' அதிகமாக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் இருமிக்கொண்டே வந்தாள். பதினைந்து நாளாக வயிறு சரியில்லை என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி இடுப்பைக் காட்டினாள்.

"இது நடக்குதுங்க சிஸ்டர். சொன்னா எங்க ஊட்டுக்காரரு சிரிக்கிறாரு."

கோகிலவாணிக்குத் திருமூர்த்தி காட்டிய கோடு நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து, அந்தச் சிவப்புக் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். சுமித்ராவை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது கோட்டின் நுனி புள்ளியைத் தாண்டி மூன்று விரற்கடை போயிருந்தது.

ரத்தத்தை மிஷினில் போட்டார்கள். புழுத் தொற்றுக்கு அறிகுறி இல்லை, மலப் பரிசோதனை தேவையில்லை என்று பச்சை எழுத்தில் வந்தது. கோகிலவாணி அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே இருந்த செல்வின் நாகர்கோவில்காரர். மிஷின்கள் வந்த பிறகு அவருக்கு மைக்ராஸ்கோப்பில் வேலை குறைவு. மிஷின் வேண்டாமென்று சொன்னதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஊர்கிற கோடு புழுவாக இருக்கலாம், எனக்காகப் பாருங்கள் என்றாள். மலம் வேண்டாம், அதற்கு நேரமாகும், இப்போது இருமித் துப்பின சளியையே பாருங்கள் என்று டப்பாவை நீட்டினாள். சாயமெல்லாம் ஏற்றாமல் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து அவர் குனிந்தார்.

நிமிரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குனிந்தபடியே இடது கையால் அவளை வரச் சொல்லி இடம் விட்டார்.

வட்டமான வெளிச்சத்துக்குள் ஒரு சின்ன நூல் நெளிந்தது. ஓரத்தில் இன்னொன்று சாட்டை மாதிரிச் சொடுக்கிக்கொண்டு போனது.

"சளியிலயாக்கும் புழு," என்றார் செல்வின். "அதுவும் உயிரோட."

சுகாதார நிலையத்து டாக்டர் ரெஹானா வாணியம்பாடியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூச்சூசியைப் பற்றி வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அப்புறம்தான் பேசினார்.

"இது மத்த குடல்புழு மாதிரி இல்ல சிஸ்டர். ஈர மண்ணுல நிக்கும்போது பாதம் வழியா ஏறும். ஏறினப்புறம் வெளிய போகவே வேணாம். குடல்ல குட்டி போட்டு, அந்தக் குட்டி திரும்ப உடம்புக்குள்ளயே பூந்துடும். இப்படியே நாப்பது வருஷம் ஓட்டும். ஆளுக்குத் தெரியவே தெரியாது."

"அப்போ இத்தனை நாளா ஏன் ஒண்ணும் பண்ணல டாக்டர்?"

"உடம்பு விடல. முழுசா கொல்ல முடியாட்டியும், பெருக விடாம அடக்கி வச்சிருந்துச்சு. எது அடக்கி வச்சதுன்னு நெனைக்கிறீங்க? நாம ஊசி போட்டுத் தூங்க வச்சமே, அதே படைதான். அதுக்கு மொதல் வேலையே புழுதான். தூசிய பாத்துப் பயப்படறது அது வழி தவறிப் பண்ற வேலை."

கோகிலவாணி மிஷின் கொடுத்த பச்சைச் சீட்டை நீட்டினாள். அதையும் டாக்டர் விளக்கினார். புழு இருந்தால் ரத்தத்தில் ஈஸ்னோபில் அணுக்கள் ஏறும். அவை ஏறியிருந்தால்தான் மிஷின் மலத்தைப் பார்க்கச் சொல்லும். மூச்சூசி அந்த அணுக்களையே இல்லாமல் செய்துவிடுகிறது. பெரிய நகரங்களில் போட்டுப் பார்த்தபோது இது தெரியவந்திருக்காது. அங்கே யார் வெறுங்காலோடு மட்டைக் குழியில் நிற்கப்போகிறார்கள்.

அதன்மேல் ஸ்டீராய்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கோகிலவாணி கேட்டாள். மிச்சமிருக்கிற எதிர்ப்பும் போய்விடும், புழு பெருகிக் குடலைத் துளைக்கும், குடல் கிருமிகளும் கூடவே ரத்தத்தில் பரவும் என்றார் டாக்டர். திருமூர்த்தி எப்படி இறந்தார் என்பது அவளுக்குப் புரிந்துபோனது.

சுமித்ராவுக்குப் புழு மாத்திரையை அன்றைக்கே தொடங்கினார்கள். ஆனால் அது மட்டும் போதாது. மாத்திரை புழுவை மயக்கும், குறைக்கும். மிச்சத்தை உடம்புதான் முடிக்க வேண்டும். உடம்பின் அந்தக் கையோ தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்புவதற்கு முறிவூசி என்று ஒன்று உண்டு. மூச்சூசியின் வேலையை இரண்டு நாளில் முறித்துவிடும். அதைப் போட்டால் இளைப்பு திரும்பும். இரண்டு வருஷத்துக்கு மறுபடியும் மூச்சூசி போட முடியாது. நுரையீரலில் இத்தனை புழு இருக்கும்போது படையைத் திடீரென்று எழுப்பினால், அது அடிக்கிற அடியில் மூச்சே நின்றாலும் நிற்கலாம். மூன்று நாள் மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நாலாம் நாள் முறிவூசி போடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். சம்மதம் சுமித்ராதான் சொல்ல வேண்டும்.

அவள் சொல்லவில்லை. இந்த ஏழு மாதமாகத்தான் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். அதற்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விடியவிட்டவள். முறிவூசி இல்லாமல், மூச்சூசி தானாக ஓயும் வரை மாத்திரையையே நாலு மாதம் தின்கிறேன், தரக்கூடாதா என்று கேட்டாள். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் அவள் பார்வை கோகிலவாணி மேலேயே இருந்தது.

"ஊசி போட்டுக்கச் சொன்னதும் நீங்கதானுங்க. இப்ப எடுத்துரச் சொல்றதும் நீங்கதானுங்க. நா எத நம்போணும் சிஸ்டர்?"

கோகிலவாணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். திருமூர்த்திக்கும் இதே கோடு இருந்தது, அவர் காட்டினார், நான் களிம்பு கொடுத்தனுப்பினேன். "எனக்கு அப்பத் தெரியல சுமித்ரா. இப்பத் தெரியும். தெரிஞ்சதத்தான் சொல்றேன்."

சுமித்ரா சரி என்றாள். நாலாம் நாள் முறிவூசிக்குக் கையை நீட்டினாள்.

முறிவூசி போட்ட இரண்டாம் நாள் டாக்டர் பயந்தபடியே ஆயிற்று. மூச்சு இறுகி உதடு நீலம் பாரித்தது. ஆக்ஸிஜன் வைத்து, மருந்தை ஆவியாக உள்ளே செலுத்தி, ஆறு மணி நேரம் டாக்டரும் கோகிலவாணியும் கட்டிலை விட்டு நகரவில்லை. ஸ்டீராய்டைத் தொட முடியாது. கையிலிருந்த மிச்ச மருந்துகளை வைத்தே சமாளித்தார்கள். சாயங்காலம் மூச்சு கொஞ்சம் இளகியது. ஐந்தாம் நாள் சளியில் செத்த புழுக்கள்தான் இருந்தன. பத்தாம் நாள் அவையும் இல்லை. சுமித்ரா இரண்டு இட்லி தின்றுவிட்டு, சட்னியில் காரம் பத்தவில்லை என்றாள்.

திருமூர்த்தியின் சாவைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று கோகிலவாணி பிடிவாதமாக இருந்தாள். ஆதாரம் வேண்டுமே என்றார் டாக்டர். காசநோய்க்குப் பார்த்த சளிக் கண்ணாடிகளை மறுபரிசோதனைக்காகச் சில மாதம் எடுத்து வைப்பது வழக்கம் என்பது செல்வினுக்குத்தான் ஞாபகம் வந்தது. பெட்டியில் தேடி எடுத்தார். காசநோய்க் கிருமியை மட்டும் தேடச் சொல்லியிருந்த மிஷின் அதைக் காசநோய் இல்லை என்று தள்ளியிருந்தது. செல்வின் தன் கண்ணால் பார்த்தார். சாயத்தில் ஊறிய புழு ஒன்று கண்ணாடியின் நடுவிலேயே கிடந்தது.

அன்று மத்தியானமே கோகிலவாணி கலாமணி வீட்டுக்குப் போனாள். அறிக்கை மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து பேப்பரில் வந்து, அதைப் பார்த்து அந்த அம்மாள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தாள். கலாமணி வாசலில் நார் திரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொன்னாள். கோகிலவாணி ஒன்றையும் மறைக்காமல், ஊசி என்ன செய்தது, புழு என்ன செய்தது, ஸ்டீராய்டு என்ன செய்தது என்று சொல்லி முடித்தாள். கலாமணியின் கை நாரிலேயே இருந்தது.

"அந்தக் கோட்ட உங்ககிட்டக் காட்டுனாருங்களா?"

"காட்டுனாருங்க்கா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"களிம்பு குடுத்தேனுங்க."

கலாமணி தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம், சரி போங்க, என்றாள். கோகிலவாணி எழுந்து வந்தாள். சைக்கிள் நிறுத்தியிருந்த இடம் வரைக்கும் முதுகில் அந்தப் பார்வை இருந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம் ஊரில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். நானூற்றுச் சொச்சம் பேரிடம் டப்பாவைக் கொடுத்து மலம் கேட்பது லேசான காரியமில்லை. ஆண்கள் டப்பாவைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்கள். மில் மேனேஜர் ஒருவர் டிரைவரிடம் கொடுத்தனுப்ப, டிரைவர் தன்னுடையதையும் அதையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று. செல்வின் பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தே கிடந்தார். தொண்ணூற்று மூன்று பேருக்குப் புழு இருந்தது. அதில் கோகிலவாணியும் ஒருத்தி. மில் வாசலில் ஊசி போட்டுக்கொண்ட அதே இடத்தில் நின்று மாத்திரையையும் விழுங்கினாள். பதினொரு பேருக்கு முற்றத் தொடங்கியிருந்தது. அவர்களைப் படுக்கையில் சேர்த்து, நாலு பேருக்கு முறிவூசியும் போட்டார்கள். யாரும் சாகவில்லை.

அறிக்கை போனதும் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். மூச்சூசியை அடியோடு நிறுத்திவிடுவது, போட்ட எல்லாருக்கும் முறிவூசி போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் வந்தார்கள். சங்கதி பரவி, மில்களிலிருந்து ஜனம் திரண்டுவிட்டது. பள்ளிக்கூட மண்டபம் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். அவர்கள் கேட்டது வேறு. ஒருவர் செத்ததற்காக எல்லாருடைய மூச்சையும் பிடுங்குவீர்களா என்றார்கள். புழுவை எடுத்துவிட்டு ஊசியைப் போடுங்கள் என்றார்கள். பேச்சு ஏறிக்கொண்டே போகையில் சுமித்ரா எழுந்து நின்றாள். இளைப்பு திரும்பியிருந்தது; நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தித்தான் பேச முடிந்தது.

"எனக்கு எடுத்துட்டாங்க. அதனாலதான் உசுரோட நிக்கறேன். இன்னும் ரெண்டு வருஷம் எனக்குக் கெடையாதுங்க. ஆனா குழிக்குள்ள எறங்கறவங்களுக்கு ஊசி வேண்டாம்னு மட்டும் சொல்லீராதீங்க. ஊசி போடறதுக்கு முன்னால எங்க காலப் பாருங்க."

அதிகாரிகளில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வந்த புதிய விதியில், ஈர மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு ரத்தம் என்ன சொன்னாலும் மலத்தைக் கண்ணால் பார்த்து, புழுவை எடுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்த பிறகே மூச்சூசி என்று இருந்தது. மட்டைக் குழிகளில் இறங்குவதற்கு முழங்கால் வரை பூட்ஸ் கொடுக்க வேண்டும் என்பது கடைசி வரி. பூட்ஸ் அளவு சரியில்லை என்று சண்டை வந்தது. ஆனாலும் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்த முகாம் மறுவருஷம் மார்கழியில் நடந்தது. கோகிலவாணி காலை எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு வந்தபோது வாசலில் வரிசை நின்றிருந்தது. முதல் ஆள் கலாமணி. கையில் டப்பா இருந்தது, மஞ்சள் துணிப்பைக்குள் சுற்றி. நின்ற நிலையில் அவள் தோள் மேலும் கீழும் ஏறி இறங்கியது. அந்தச் சத்தம் கோகிலவாணிக்குத் தெரியாத சத்தமா.

"உங்களுக்கு இளைப்பு இல்லைன்னு சொன்னீங்களேக்கா?"

"அஞ்சு வருஷமா இருக்குதுங்க. ரெண்டு பேரும் படுத்துட்டா ஊட்டுல யாரு பாக்கறது. அவரு தேறட்டும்னு இருந்தேன்." மூச்சுக்காக நிறுத்தினாள். "நா உங்கள மன்னிக்க வரலீங்க. எனக்கு மூச்சு வேணும். அதுக்கு வந்தேன்."

கோகிலவாணி டப்பாவை வாங்கி, பெயரை எழுதி ஒட்டி, தானே எடுத்துப்போய்ச் செல்வினிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். திரும்பி அவளைப் பார்த்து, புழு இருக்கிறது என்று தலையசைத்தார்.

கோகிலவாணி நினைத்துப் பார்த்தாள். இந்த அம்மாளை அந்த வருஷம் களத்து வேலை தடுக்காமல் இருந்திருந்தால், வீடு தேடிப் போய் நான் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருந்தால், நானூற்றுப் பதினெட்டாவது ஊசியை இவளுக்குத்தான் போட்டிருப்பேன்.

வெளியே வந்து சொன்னாள். இன்றைக்கு ஊசி கிடையாது, மாத்திரைதான். பதினைந்து நாளில் இன்னொரு தரம் மாத்திரை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் பார்த்து இல்லையென்றால் ஊசி. கலாமணி கேட்டுக்கொண்டாள். அந்தப் புழுவைப் பார்க்க முடியுமா என்றாள். கோகிலவாணி அவளை உள்ளே கூட்டிப்போய், மைக்ராஸ்கோப் முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்து, எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காட்டினாள்.

கலாமணி வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"இத்தனூண்டு," என்றாள்.

எழுந்து மாத்திரையை வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே வாயில் போட்டு விழுங்கினாள். அட்டையில் தேதி எழுதியிருப்பதைக் கையில் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, அன்றைக்கு மில் விடுமுறையா என்று கேட்டாள். விடுமுறை இல்லை என்றாள் கோகிலவாணி. இருந்தாலும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வரிசை இப்போது கேட் வரைக்கும் நீண்டிருந்தது. பாதிப் பேர் வெறுங்கையோடு நின்றார்கள். ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. கலாமணி படியில் நின்று அவர்களைப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கேட் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"டப்பா கொண்டாராதவங்கெல்லாம் ஊட்டுக்குப் போயிக் கொண்டாங்க. சும்மா நிக்காதீங்க. அத வாங்காம இங்க யாருக்கும் ஊசி போட மாட்டாங்க."

வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. பாதிப் பேர் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார்கள்.